நாற்பத்தெட்டு மடையில் எத்தனை மடை?



இராஜசிங்கமங்கலம் கண்மாயை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ஊர் அதைச் சொல்லி வந்திருக்கிறது. அந்தப் பெயரை வைத்தே என் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். மடை 48 என்பது சரி. தண்ணீர் எத்தனை மடையில் போகிறது? 48 மடையிலும் சமமாகப் பாய்ந்தால் ஒரு கதை. ஒரே மடை பாதித் தண்ணீரை எடுத்துக்கொண்டு, மிச்சப் பாதியை 47 மடைகள் பங்குபோட்டுக்கொண்டால் அது வேறு கதை. எண்ணிப் பார்ப்பவருக்கு இரண்டு கண்மாய்க்கும் மடை 48தான். அந்த 47 மடைகளின் கீழே நிலம் வைத்திருப்பவரிடம் கேளுங்கள், இரண்டும் ஒன்றில்லை என்பார்.

அவர் சொல்லும் வித்தியாசத்தை ஒரு எண்ணாகச் சொல்ல முடியும். அதற்கு உதவும் அளவுக்கு என்ட்ரோபி என்று பெயர். அறிவியல் மாணவர்கள் இந்தச் சொல்லை வெப்ப இயக்கவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். வியன்னா மத்திய கல்லறைத் தோட்டத்தில் லுட்விக் போல்ட்ஸ்மானின் கல்லறை மேல் அவருடைய சூத்திரம் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பொருளின் துகள்கள் எத்தனை விதமாக அமையலாம் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையின் மடக்கையை எடுத்தால் என்ட்ரோபி கிடைக்கும் என்பது அதன் சாரம். 1948இல் கிளாட் ஷானன் தந்தி, தொலைபேசிச் செய்திகளை ஆராய்ந்தபோது அதே வடிவச் சூத்திரத்தை வந்தடைந்தார். நமக்கு இன்று வேண்டியது ஷானனின் அளவு.

ஒரு கூடையில் 100 மீன். காரல், நகரை, கணவாய், விளமீன் என்று நான்கு வகை, வகைக்கு 25. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கிறேன். ஆம், இல்லை என்று மட்டுமே பதில் சொல்வேன். என் கையில் இருப்பது என்ன வகை என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். "காரலோ நகரையோவா?" என்று கேட்பீர்கள். ஆம் என்றால், "காரலா?" என்பீர்கள். இரண்டு கேள்வியில் முடிந்துவிடும். இந்தக் கூடையின் என்ட்ரோபி 2 பிட். இன்னொரு கூடையில் அதே நான்கு வகைதான், ஆனால் 97 காரல், மற்றவை ஒவ்வொன்று. இப்போது "காரலா?" என்று கேட்டாலே அநேகமாக ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு வகையின் பங்கையும் அதன் மடக்கையால் பெருக்கிக் கூட்டிக் குறியை மாற்றுவதுதான் ஷானனின் கணக்கு. இந்தக் கூடைக்கு அது 0.24 பிட் என்று வரும்.

பிட் கணக்கு மனசில் நிற்காது. அதனால் அதைத் திருப்பி எண்ணிக்கையாக மாற்றிக்கொள்ளலாம். 2 பிட் என்றால் இரண்டின் அடுக்கு 2, அதாவது 4. முதல் கூடை நான்கு வகைக் கூடையாகவே நடந்துகொள்கிறது. 0.24 பிட் என்றால் 1.18. இரண்டாம் கூடையில் நான்கு பெயர் இருந்தாலும் அது ஏறக்குறைய ஒரே வகை கொண்ட கூடைதான். இதை நான் செயல்படும் எண்ணிக்கை என்று சொல்கிறேன். 1973இல் எம்.ஓ. ஹில் என்ற பிரிட்டிஷ் சூழலியலாளர் இந்த மாதிரி எண்களை ஒரே குடும்பமாகக் கட்டித் தந்தார். வகைகளை வெறுமனே எண்ணுவது அந்தக் குடும்பத்தின் ஒரு கோடி. ஷானன் நடுவில். 1949இல் எட்வர்ட் சிம்ப்சன் தந்த அளவு, பெரும்பான்மைக்கு இன்னும் அழுத்தம் கொடுப்பது. இரண்டாம் கூடைக்கு இந்த மூன்றும் முறையே 4, 1.18, 1.06 என்று வரும்.

இனி கண்மாய்க்கு வரலாம். 48 மடையும் சமமாகப் பாய்ந்தால் செயல்படும் எண்ணிக்கை 48. ஒரு மடை பாதியை எடுத்துக்கொண்டால் 14க்குக் கொஞ்சம் கீழே. கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட பங்கீடு இது, அளந்து சொன்னதல்ல. ஆனால் அளக்க முடியும். மடை தூர்ந்தாலும் கால்வாய் அடைபட்டாலும் பெயரில் இருக்கும் 48 மாறப் போவதில்லை. மாறுவது அந்த இரண்டாவது எண். எந்தக் கண்மாய்க்கும் மராமத்துக்கு முன் ஒருமுறை, மராமத்துக்குப் பின் ஒருமுறை அதைக் கணக்கிடலாம்.

அமைப்புகளை எண்ணுவது என்று பேச்சு வந்தபின் கும்பகோணத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 100 மீனை வகைகளாகப் பிரித்து வைக்கிறோம். வகையின் பெயர் வேண்டாம், குவியல்களின் அளவு மட்டும் போதும். எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 97, 1, 1, 1 என்பது ஒரு விதம். 25, 25, 25, 25 என்பது ஒரு விதம். மொத்தம் 19,05,69,292 விதம். சீனிவாச இராமானுஜனும் ஹார்டியும் 1918இல் வெளியிட்ட கட்டுரையில், இந்த எண்ணிக்கை எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று காட்டினார்கள். அதன் மடக்கை, எண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. போல்ட்ஸ்மானின் கண்ணால் பார்த்தால், எண்பிரிவினைகளின் என்ட்ரோபியைத்தான் அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். 100க்கு அது சுமார் 27.5 பிட்.

இப்போது கடல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 117 வகைப் பவளம் என்றும், 3,600க்கு மேற்பட்ட உயிரினங்கள் என்றும் எல்லாக் கையேடுகளிலும் படிக்கிறோம். பெருமைப்பட வேண்டிய எண்கள்தான். ஆனால் இவை 48 மடை போன்ற எண்கள். பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்கின்றன, பங்கைச் சொல்வதில்லை.

மண்டபத்துக்குப் பக்கத்தில் குருசடைத் தீவு. அங்கே 2008இல் ஆய்வாளர்கள் ஒரு செய்தியைப் பதிவு செய்தார்கள். காப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, உயிருள்ள பவளத்தின் மேல் பாய் விரித்தாற்போலப் படர்ந்திருந்தது. மண்டபம் ஆய்வுக்கூடத்துக்கு 1990களில் கொண்டுவரப்பட்டு, பின்பு இந்தக் கரையில் வணிகத்துக்காக வளர்க்கப்பட்ட பாசி அது. ஊரில் 'பெப்சி பாசி' என்றால்தான் தெரியும். இதைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு பாறைத் திட்டில் பத்து வகை, ஆளுக்குப் பத்து சதவீத இடம் என்று வைத்துக்கொள்வோம். செயல்படும் எண்ணிக்கை 10. புதிதாக ஒன்று வந்து 70 சதவீத இடத்தைப் பிடிக்கிறது. பழைய பத்தும் அழியவில்லை, ஆளுக்கு 3 சதவீதத்தில் ஒடுங்கிவிட்டன. பெயர்ப் பட்டியலை எடுப்பவர் 11 என்று எழுதுவார். போன வருஷத்தைவிட ஒன்று கூடியிருக்கிறது என்று அறிக்கையிலும் வரும். செயல்படும் எண்ணிக்கையோ 3.7க்கு விழுந்திருக்கும். பட்டியல் வளரும்போதே கடல் வறுமைப்படலாம். கரையில் சீமைக்கருவேலம் நமக்குக் காட்டியதும் இதுதான்.

இதைச் சொல்லும்போது இன்னொரு பக்கத்தையும் சொல்வது நியாயம். பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் இறங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் கஞ்சிப்பாசியும் எடுத்தவர்கள். தீவுகள் காப்பகமானபின் அந்தக் கடலுக்குள் போவதே அவர்களுக்குத் தகராறானது. மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பது அவர்கள் வீட்டுக்கு இன்னொரு வருமான வழியைத் திறந்தது. வீட்டு வருமானத்தின் என்ட்ரோபியைக் கணக்கிட்டால் அது கூடியிருக்கும். பவளத்திட்டின் என்ட்ரோபி குறைந்திருக்கும். ஒரே பாசி, இரண்டு கணக்கு, இரண்டு திசை. எதை அளக்கிறோம் என்று சொல்லாமல் பன்மை கூடியது, குறைந்தது என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள்.

இதுவரை கூடைகளையும் திட்டுகளையும் பார்த்தோம். ஆனால் கடலில் எதுவும் தனியே இருப்பதில்லை. ஒன்றை ஒன்று தின்கிறது. யார் யாரைத் தின்கிறார்கள் என்று கோடு போட்டு இணைத்தால் ஒரு வலை கிடைக்கும். 1955இல் ராபர்ட் மக்ஆர்தர் என்ற இளம் அமெரிக்கச் சூழலியலாளர் ஷானனின் சூத்திரத்தை அந்த வலையின் மேல் வைத்தார். அவர் உயிரினங்களை எண்ணவில்லை, வழிகளை எண்ணினார். கீழே இருக்கும் தாவரத்திலிருந்து மேலே இருக்கும் வேட்டை மீன் வரை ஆற்றல் எத்தனை வழியில், எந்தெந்தப் பங்கில் ஏறுகிறது? வழிகளின் என்ட்ரோபி கூடினால், ஓர் உயிரினம் ஏறி இறங்கும்போது மற்றவை அவ்வளவாக ஆட்டம் காணாது என்பது அவர் வாதம். நம் பக்கத்து ஆவுளியாவை நினைத்துக்கொள்ளுங்கள். கடல்பசு என்று புத்தகத்தில் எழுதுகிறோமே, அதுதான். கிட்டத்தட்ட கடற்புல் மட்டுமே அதன் உணவு. அதன் வரத்துக்கால் ஒன்றுதான். கடற்புல் தரையை இழுவைமடி வாரிக்கொண்டு போனால் அதற்கு மாற்று வழி கிடையாது.

மக்ஆர்தரின் வாதம் அழகானது, ஆனால் முழுசாக நிற்கவில்லை. 1972இல் ராபர்ட் மே கணிதத்தாலேயே அதைக் கேள்வி கேட்டார். கண்டபடி இணைத்த பெரிய அமைப்பில் இணைப்புகள் பெருகப் பெருக, ஒரு எல்லைக்கு மேல் நிலைத்தன்மை குலையும் என்று காட்டினார். இயற்கை கண்டபடி இணைக்கவில்லை என்பது அதற்கு வந்த பதில். அந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை. என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன்: வழிகள் பல இருப்பது மட்டும் ஒரு வலையைக் காப்பாற்றிவிடாது, ஒரே வழி இருப்பது நிச்சயம் ஆபத்து.

அந்த ஒரே வழியைப் புரிந்துகொள்ள இந்தக் கடற்கரையைவிட நல்ல பாடப் புத்தகம் எனக்குத் தெரியாது. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. கரையில் இருக்கும் மண்டபத்திலிருந்து நீரிணைக்கு மேல் பாலம் தாண்டினால் தீவில் பாம்பன். பாம்பனில் பிரிந்து ஒரு கை இராமேசுவரத்துக்கு, ஒரு கை தனுஷ்கோடிக்கு. போட் மெயில் ரயிலில் போனவர்கள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போனார்கள். மண்டபம், பாம்பன், இராமேசுவரம், தனுஷ்கோடி என்ற நான்கு ஊரையும் நான்கு புள்ளியாக வையுங்கள், தண்டவாளத்தைக் கோடாக வையுங்கள். பாம்பனிலிருந்து மூன்று கோடு. மற்ற ஊர்களுக்கு ஒவ்வொன்று.

இந்த வலையின் பன்மை என்ன? ஒரு விடை இப்படி. ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை கோடு என்று எழுதி, அந்த எண்களின் என்ட்ரோபியை எடுங்கள். நான்கில் மூன்று ஊருக்கு 1, ஓர் ஊருக்கு 3. கணக்கு 0.81 பிட் என்று வரும். இப்போது வேறொரு வலையைக் கற்பனை செய்யுங்கள். நான்கு ஊரும் வட்டமாக, ஒவ்வொன்றும் இரு பக்கமும் இணைந்தவை. எல்லா ஊருக்கும் 2 கோடு. வேறுபாடே இல்லை, என்ட்ரோபி பூஜ்யம். ஆக இந்தக் கணக்கின்படி பாம்பன் வலை பன்மையானது, வட்டம் பன்மையற்றது.

இன்னொரு விடை இருக்கிறது. எல்லா ஊரும் தொடர்பில் இருக்க வேண்டும், ஒரு கோடுகூட உபரி இருக்கக் கூடாது. அப்படி எத்தனை விதமாகக் கோடுகளைத் தேர்ந்தெடுக்கலாம்? கணிதத்தில் இவற்றை மரங்கள் என்பார்கள். மின்சுற்றுகளை ஆராய்ந்த கிர்க்காஃப் 1847இலேயே இவற்றை எண்ண வழி கண்டார். எல்லா ஊருக்கும் எல்லா ஊரோடும் நேரடி இணைப்பு இருந்தால் எத்தனை மரம் என்பதற்கு 1889இல் கெய்லி எளிய சூத்திரம் தந்தார். நான்கு ஊருக்கு 16, பத்து ஊருக்குப் பத்துக் கோடி. நம் பாம்பன் வலையில் எத்தனை? ஒன்றுதான். எந்தக் கோட்டை எடுத்தாலும் ஓர் ஊர் அறுந்துவிடும். ஒன்றின் மடக்கை பூஜ்யம். வட்டத்திலோ எந்தக் கோட்டை எடுத்தாலும் தொடர்பு அறாது. நான்கு மரம், 2 பிட். முதல் கணக்கு சொன்னதற்கு நேர் எதிர்.

வலையின் என்ட்ரோபி என்று ஒரே எண்ணைச் சொல்பவரிடம் எதன் என்ட்ரோபி என்று நான் கேட்பது இதனால்தான். ஊர்களின் இணைப்பு எண்ணிக்கை எவ்வளவு வேறுபடுகிறது என்பது ஒரு கேள்வி. வலை எத்தனை விதமாகப் பிழைத்திருக்கலாம் என்பது இன்னொரு கேள்வி. 1964 டிசம்பர் 22 இரவு புயல் கேட்டது இரண்டாவது கேள்வியை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. பாலம் உடைந்தது. இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிக்குப் போன கை திரும்பவில்லை.

மரங்களை எண்ணுவதில் இன்னொரு நன்மை உண்டு. தனுஷ்கோடிக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே ஒரு கோடு கூட்டினால் தீவுக்குள் ஒரு முக்கோணம் உண்டாகும், மூன்று மரம். முக்கோணத்தின் ஒவ்வொரு கோடும் மூன்றில் இரண்டு மரத்தில் வரும். ஆனால் மண்டபம்-பாம்பன் கோடு மூன்றிலும் வரும். மரத்தைச் சீட்டுப்போட்டு எடுத்தால், ஒரு கோடு அதில் இருக்கும் வாய்ப்பு என்ன என்று ஒவ்வொரு கோட்டுக்கும் எழுதிவிடலாம். 1 என்று வருகிற கோட்டுக்கு மாற்று கிடையாது. தீவுக்குள் எத்தனை சாலை போட்டாலும், நீரிணைக்கு மேல் ஒன்றுதான் என்றால் அந்த 1 அப்படியே நிற்கும். மொத்த என்ட்ரோபி கூடிக்கொண்டே போகும்போது ஒரு கோடு மட்டும் இப்படி மறைந்து நிற்கக்கூடும். அதைக் கோடு கோடாகத்தான் தேட வேண்டும்.

1988 அக்டோபர் 2இல் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் திறந்தபோது இதுதான் மாறியது. நீரிணைக்கு மேல் ஒரு கோடு இரண்டானது. பூஜ்யம் 1 பிட் ஆனது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6இல் புதிய தூக்குப் பாலம் திறக்கும்வரை இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்கு ரயில் இல்லை. சிரமம் இருந்தது, ஆனால் தீவு துண்டிக்கப்படவில்லை. அந்த 1 பிட் காப்பாற்றியது.

ஆனாலும் இரண்டு பாலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அதே நீரிணை, அதே உப்புக்காற்று, அதே புயல். இவை உண்மையில் இரண்டு வழியா, ஒன்றரை வழியா? ஷானனின் கணக்குக்கு இது தெரியாது. அதற்கு எல்லாப் பெயரும் ஒரே அளவு வேறுபட்டவை. கூடையில் பாதி ஒருவகைக் காரல், பாதி இன்னொரு வகைக் காரல் என்றாலும் 1 பிட். பாதி காரல், பாதி சுறா என்றாலும் அதே 1 பிட்.

இந்தக் குறையைத் தீர்த்தவர் நம் நாட்டுக்காரர். சி.ஆர். ராவ், 1920இல் கர்நாடகத்தின் ஹூவின ஹடகலியில் பிறந்து, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் மகலனோபிஸிடம் வளர்ந்தவர். சூடானின் ஜெபல் மோயாவில் தோண்டியெடுத்த பழைய எலும்புகளை அளந்து, அந்த மக்கள் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்று கணக்கிட இளம் வயதில் கேம்பிரிட்ஜ் போனார். எது எதற்கு எவ்வளவு தூரம் என்ற அந்த அக்கறை அவரை விடவே இல்லை என்று எனக்குத் தோன்றும். 1982இல் அவர் எழுதிய கட்டுரையில் ஓர் அளவு வருகிறது. கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், இன்னொன்றை எடுங்கள். இரண்டுக்கும் சராசரியாக எவ்வளவு வேறுபாடு என்பதே பன்மை. இரண்டு காரலுக்கும் இடையே தூரம் 0.1, காரலுக்கும் சுறாவுக்கும் 0.9 என்று வைத்தால், ஒரு கூடைக்கு 0.05, மற்றதற்கு 0.45. ஒன்பது மடங்கு. இதையே ராவின் இருபடி என்ட்ரோபி என்கிறோம். உலகெங்கும் சூழலியலாளர்கள் இன்று பயன்படுத்துகிறார்கள்.

பாலங்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒரே புயலுக்கு இரண்டும் சேர்ந்து விழும் என்றால் அவற்றின் தூரம் சிறியது. புயலுக்குப் பின் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் ஓடிய கப்பல் பாலத்தைப் போன்றதல்ல, தூரம் பெரியது. 1980களில் அது நின்றபோது தீவு இழந்த பன்மை, பெயர்ப் பட்டியலில் ஒன்று குறைந்ததைவிடப் பெரியது.

மாணவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை: பாம்பன் இறங்குதளத்துக்குப் போய், கூடையில் எந்த வகை மீன் எத்தனை என்று எண்ணி என்ட்ரோபியைக் கணக்கிடுங்கள். என்ட்ரோபி கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல கடற்புல் தரையில் இரண்டு மூன்று வகைப் புல்லே ஓங்கி நிற்கலாம். அதன் எண் சிறியதுதான். வெளிறிச் செத்த பவளத்தின் மேல் பல பாசிகள் ஏறினால் எண் கூடும். ஒரே இடத்தின் எண்ணைக் காலத்தோடு ஒப்பிடுவதுதான் பயன் தரும். சிறிய மாதிரியில் அபூர்வ வகைகள் தப்பிவிடும். அதனால் என்ட்ரோபி உண்மையைவிடக் குறைவாகவே வரும். எத்தனை மீனைப் பார்த்து எழுதினீர்கள் என்பதையும் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்தது; இந்தியக் கடற்கரை முழுக்க மீன்பாட்டை மாதிரி எடுத்துக் கணக்கிடும் நிறுவனம் அது. அந்த மரபு நம் பக்கத்து மரபு. பாம்பன் இறங்குதளத்தில் ஏலம் போடும் பெண்களுக்கு எந்தக் கையேட்டிலும் இல்லாத வகைப் பெயர்கள் தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். விசைப்படகு போகும் நாளைத் தனியாக, நாட்டுப்படகு போகும் நாளைத் தனியாகக் குறியுங்கள். இழுவைமடிக் கூடையும் செவுள்வலைக் கூடையும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள், கலக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். தடைக்கு முந்தைய இரண்டு வாரமும் பிந்தைய இரண்டு வாரமும் ஒப்பிட ஏற்றவை. வடகடல் மீனுக்கு ஓர் ஏடு, தென்கடல் மீனுக்கு ஓர் ஏடு.